துப்பாக்கி வைத்திருந்த பெண் பிரசங்கியார்! ஜெயிலுக்குப் போன பாதிரியார்! – பாஸ்டன் வேதக் கல்லூரியில் படித்து மறைந்தவர்களின் கதை

"இந்த வருஷம் இறந்துபோன போதகர்கள் யார் யார்?"

மெதடிஸ்ட் சபை மாநாடுகளில் கேட்கப்பட்டு வந்த கேள்வி இது. நேற்று இன்று ஏற்பட்ட வழக்கம் அல்ல. சபையை உண்டாக்கிய ஜான் வெஸ்லி உயிரோடு இருந்த காலத்திலேயே, அதாவது 18-ம் நூற்றாண்டிலேயே, மாநாட்டுக் குறிப்பேட்டில் இந்தக் கேள்வி ஏறிவிட்டது.

பதிலாக ஒவ்வொரு பெயராக எழுதுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டே வரி. எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று இருக்கும். அவ்வளவுதான்!

பெயர் ஏறினால்தான் அந்த இரண்டு வரி. குருப்பட்டமே கொடுக்காமல் விரட்டப்பட்டவர்களின் பெயர் அதில் எப்படி ஏறும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள ஒரே ஒரு வேதக் கல்லூரியை எடுத்துக்கொண்டு, அங்கே படித்துக் காலமானவர்களைப் பார்த்தால் போதும். பெரிய நாவலே எழுதலாம். அடிமையாகப் பிறந்தவர் இருக்கிறார். பட்டினி கிடந்த பெண் இருக்கிறார். ஜெயிலுக்குப் போனவர் இருக்கிறார். குண்டடிபட்டுச் செத்தவரும் இருக்கிறார்.

கல்லூரி பிறந்த கதை

அந்தக் கல்லூரி பாஸ்டனில் பிறக்கவில்லை. 1839-ம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் நியூபரி என்ற சின்ன ஊரில் தொடங்கியது. அமெரிக்க மெதடிஸ்ட்டுகளின் முதல் வேதக் கல்லூரி என்று இதைச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் மெதடிஸ்ட் போதகர் என்றால் குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போகிறவர். "பிரசங்கம் செய்ய படிப்பு எதற்கு? பக்தி போதாதா?" என்று பலர் முணுமுணுத்தார்கள். அந்த எதிர்ப்பையும் மீறித்தான் கல்லூரி நடந்தது.

1847-ல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள கான்கார்டு நகருக்கு மாறியது. 1867-ல் பாஸ்டனுக்கு வந்தது. 1871-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மூத்த பிள்ளை இந்த வேதக் கல்லூரிதான்.

அங்கே பெண்களும் படிக்கலாம், கறுப்பர்களும் படிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். உள்ளே போவது சுலபமாக இருந்தது. படித்து முடித்து வெளியே வந்த பிறகுதான் சோதனை!

பெயரை மாற்றிக்கொண்ட பெண்

1876-ம் ஆண்டு அன்னா ஆலிவர் என்ற பெண் அங்கே பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வேதக் கல்லூரியில் படித்து முறைப்படி பட்டம் வாங்கிய முதல் பெண் அவர் என்று கருதப்படுகிறார்.

அன்னா ஆலிவர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. உண்மைப் பெயர் விவியன்னா ஒலிவியா ஸ்னோடன். பெண் பிரசங்கம் செய்யப் போகிறாள் என்றால் குடும்பத்துக்குத் தலைக்குனிவு என்று நினைத்த காலம் அது. வீட்டாருக்குச் சங்கடம் வேண்டாம் என்று பெயரையே மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் ஒரு கோவில் கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கி நடத்தினார். அங்கே கூட்டம் சேர்ந்தது. ஆனால் கடன் தீரவில்லை. 1883-ல் கோவிலை மூட வேண்டியதாயிற்று. 1892-ல் அவர் காலமானார். கடைசி வரை குருப்பட்டம் கிடைக்கவில்லை.

42 ஆண்கள், ஒரு பெண்

அன்னா ஆலிவர் பட்டம் வாங்கிய அதே 1876-ல் இன்னொரு பெண் பாஸ்டனுக்கு ரெயில் ஏறினார். அவர் பெயரும் அன்னாதான். அன்னா ஹோவர்டு ஷா.

இங்கிலாந்தில் 1847-ல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. மிச்சிகன் காட்டில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையில் வளர்ந்தார். தண்ணீர் சுமந்தார், விறகு வெட்டினார். யாரும் இல்லாத நேரத்தில் காட்டுக்குள் போய் மரங்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்து பழகினார்.

1870-ல் முதல் பிரசங்கம் செய்தபோது வீட்டில் பெரிய ரகளை. "பிரசங்கத்தை விட்டுவிடு. செலவு செய்து காலேஜில் படிக்க வைக்கிறோம்" என்று ஆசை காட்டினார்கள்.

"அந்தப் படிப்பே எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண். தன் முயற்சியில் ஆல்பியன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து பாஸ்டன்.

வகுப்பில் 42 வாலிபர்கள். நடுவில் இவர் ஒருத்தி!

வாலிபர்களுக்குத் தங்க இலவச விடுதி. சாப்பாடு குறைந்த விலையில். பெண்ணுக்கு விடுதியில் இடம் கிடையாது. "வாரத்துக்கு இரண்டு டாலர் தருகிறோம். வெளியே பார்த்துக்கொள்" என்றார்கள். ஒரு வீட்டின் உச்சியில் கூரைக்கு அடியில் ஓர் அறை பிடித்தார். வாடகை போக மிஞ்சியதில் சாப்பிட வேண்டும். பல நாள் ரொட்டியும் பாலும்தான். சில நாள் அதுவும் இல்லை.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கால் துவண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பசி மயக்கம்! வெளிநாட்டு மிஷன் வேலையில் இருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்து விசாரித்தார். சில நாட்களில் ஏற்பாடு ஆயிற்று. யாரோ பெயர் சொல்லாத ஒருவர் வாராவாரம் பணம் அனுப்பினார். வயிறு நிறைந்த பிறகு படிப்பும் ஏறியது. 1878-ல் பட்டம்.

"வண்டியை ஓட்டு!"

ஷா அம்மையாரின் துணிச்சலுக்கு ஒரு சம்பவம் போதும். ஆல்பியனில் படித்த நாட்களில் நடந்தது. அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

மிச்சிகனில் மரம் வெட்டுகிறவர்கள் இருக்கும் ஒரு காட்டு ஊரில் பிரசங்கம் செய்யப் போனார். ரெயிலை விட்டு இறங்கியதும் இருட்டிவிட்டது. ஊர் வெகு தூரம். ஒரே ஒரு குதிரை வண்டி நின்றது. ஏறிக்கொண்டார்.

நடுக்காடு வந்ததும் வண்டிக்காரன் ஆபாசமாகப் பேச ஆரம்பித்தான். வண்டியை நிறுத்தினான். "சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது" என்ற தைரியம் அவனுக்கு.

அவருடைய கைப்பையில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதை எடுத்துக் குதிரையை மேலே தட்டும்படி சொன்னார். அவன் பேசாமல் ஓட்டினான். ஊர் போய்ச் சேரும் வரை அவன் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி நீட்டியபடியே இருந்தது.

மறுநாள் கோவிலில் நிற்க இடம் இல்லை! ஊரில் உள்ள மரம் வெட்டிகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பக்தியால் வந்தார்களா என்றால் இல்லை. வண்டிக்காரன் கதையைச் சொல்லிவிட்டான். "துப்பாக்கி வைத்திருக்கும் பெண் பிரசங்கியாரைப் பார்க்க வேண்டும்" என்று கூட்டம்!

"சபையை விட்டுப் போ!"

1880-ம் ஆண்டு இரண்டு அன்னாக்களும் குருப்பட்டம் கேட்டார்கள்.

பிஷப் மறுத்துவிட்டார். மேல்முறையீடு சின்சினாட்டியில் கூடிய பொது மாநாட்டுக்குப் போனது. அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. பெண்களுக்கு ஏற்கனவே கொடுத்திருந்த உள்ளூர்ப் பிரசங்க லைசென்சுகளையும் ரத்து செய்துவிட்டார்கள்! கேட்கப் போனவர்கள் கையில் இருந்ததையும் இழந்தார்கள்.

"அப்படியானால் நான் என்ன செய்வது?" என்று ஷா கேட்டார். குருப்பட்டம் வேண்டுமானால் சபையை விட்டுப் போ என்ற பாணியில் பதில் வந்தது.

போய்விட்டார். அதே ஆண்டு மெதடிஸ்ட் புராட்டஸ்டன்ட் என்ற வேறு சபை அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது.

கேப் காட் கடற்கரையில் மாலுமிகளும் மீனவர்களும் வாழ்ந்த ஓர் ஊரில் போதகர் வேலை பார்த்தார். அந்த வேலையோடு வேலையாக மருத்துவமும் படித்து 1886-ல் டாக்டர் ஆனார். அப்புறம் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் புறப்பட்டார். 1904 முதல் 1915 வரை அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத்தின் தலைவி அவர்தான். பிரசங்கம் செய்து பழகிய குரல் அல்லவா! மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்டது.

முதல் உலகப் போர் சேவைக்காக 1919-ல் அமெரிக்க அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

1919 ஜூன் 4-ந் தேதி பெண்கள் ஓட்டுரிமை மசோதா அமெரிக்க காங்கிரசில் நிறைவேறியது. ஜூலை 2-ந் தேதி ஷா அம்மையார் காலமானார். வயது 72. அந்த மசோதா சட்டமாக அமலுக்கு வந்தது 1920 ஆகஸ்டில். வாழ்நாள் முழுவதும் ஓட்டுக் கேட்டவர், அந்தச் சட்டப்படி ஓட்டுப் போடும் நாளைப் பார்க்கவில்லை.

சரி, மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு எப்போது முழு உரிமை கொடுத்தது? 1956-ல்! இரண்டு அன்னாக்களையும் திருப்பி அனுப்பி 76 வருஷம் கழித்து.

அடிமையாகப் பிறந்த டாக்டர்

1855-ல் நியூ ஆர்லியன்சில் ஒரு குழந்தை அடிமையாகப் பிறந்தது. ஜான் வெஸ்லி எட்வர்டு போவன் என்று பெயர். சபையை உண்டாக்கியவரின் பெயரையே வைத்திருந்தார்கள்.

தந்தை தச்சு வேலை செய்கிறவர். மனைவியையும் மகனையும் காசு கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். சொந்தப் பெண்டாட்டி பிள்ளையை விலை கொடுத்து வாங்க வேண்டிய காலம்!

அந்தப் பிள்ளை பாஸ்டன் வேதக் கல்லூரியில் 1885-ல் பட்டம் பெற்றார். 1887-ல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் சில கறுப்பர்களில் அவர் ஒருவர்.

அட்லாண்டா நகரில் கறுப்பர்களுக்காக மெதடிஸ்ட்டுகள் நடத்திய காமன் வேதக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிறகு அதன் தலைவரும் ஆனார்.

அவர் தலைவர் ஆன 1906-ல் செப்டம்பர் மாதம் அட்லாண்டாவில் பயங்கர இனக் கலவரம். வெள்ளைக்காரக் கும்பல்கள் தெருத் தெருவாகக் கறுப்பர்களை வேட்டையாடின. பயந்து ஓடிவந்தவர்களுக்குப் போவன் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்குக் கிடைத்த பரிசு? வெள்ளைக்காரப் போலீசார் வந்து அவரையே அடித்து நொறுக்கினார்கள். டாக்டர் பட்டமும் தடுக்கவில்லை, பாதிரியார் அங்கியும் தடுக்கவில்லை.

காயம் ஆறியதும் திரும்பவும் பாடம் நடத்தினார். 1933-ல் காலமானார். அவரிடம் படித்த கறுப்புப் போதகர்கள் தென் மாநிலங்கள் எங்கும் பரவியிருந்தார்கள்.

10 மணி நேரம் விசாரணை

பாஸ்டனில் படித்த இன்னொருவர் பிஷப் பிராம்லி ஆக்ஸ்நம். 1915-ல் பட்டம் பெற்றவர். சபையில் பெரிய புள்ளி. உலகத் திருச்சபைகள் மன்றத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர்.

1950-களில் அமெரிக்காவில் கம்யூனிஸ்டு பயம் தலைவிரித்து ஆடியது. தொழிலாளர்களுக்காகப் பேசினாலே "சிவப்பு" என்று முத்திரை குத்துவார்கள். பாராளுமன்றக் கமிட்டி ஒன்று பிஷப்பைப் பற்றியும் பைல் வைத்திருந்தது. அதில் இருந்த புகார்கள் அவ்வப்போது கசிந்து வெளியே வந்தன.

பிஷப் ஓடி ஒளியவில்லை. "என்னைக் கூப்பிட்டு நேரில் விசாரியுங்கள்" என்று தானே கேட்டு வாங்கினார்.

1953 ஜூலை 21-ந் தேதி விசாரணை. 10 மணி நேரம் நடந்தது. நள்ளிரவு தாண்டியும் கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தை எடுத்துக் காட்டிப் பதில் சொன்னார். அவர் கம்யூனிஸ்டு கட்சியில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கமிட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1963-ல் அவர் மறைந்தார்.

பாஸ்டனில் கிங்

இந்தக் கல்லூரியோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்களில் உலகம் எல்லாம் தெரிந்த பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

கிங் மெதடிஸ்ட் அல்ல, பாப்டிஸ்டு சபைக்காரர். ஆனாலும் டாக்டர் பட்டத்துக்கு 1951-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத்தான் வந்தார். அங்கே படிக்கும்போதுதான் சங்கீதம் படிக்க வந்திருந்த கொரெட்டா ஸ்காட் என்ற பெண்ணைச் சந்தித்தார். காதல் கல்யாணத்தில் முடிந்தது.

1955-ல் பட்டம் கைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே மாண்ட்காமரி நகரில் பஸ் பகிஷ்காரம் தொடங்கியது. 381 நாள் கறுப்பர்கள் பஸ்சில் ஏறாமல் நடந்தார்கள். 26 வயது டாக்டர், நாட்டின் தலைவர்களில் ஒருவர் ஆனார்.

1959-ல் கிங்கும் மனைவியும் இந்தியாவுக்கு வந்தார்கள். சென்னைக்கும் வந்தார்கள். கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒரே சமயத்தில் பார்த்து மகிழ்ந்தார்கள். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்ற பொருளில் தன்னை அறிமுகம் செய்ததாகவும், முதலில் சுருக்கென்று கோபம் வந்ததாகவும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மைதான் என்று பட்டதாகவும் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார்.

1964-ல் தன் கடிதங்கள், காகிதங்களைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1968-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பல்கலைக்கழகம் அவர் பெருமையை மட்டும் பேசிவிட்டு இருந்துவிடவில்லை. அவருடைய டாக்டர் பட்ட ஆய்வுரையில் சில பகுதிகள் பிறர் எழுத்திலிருந்து பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டவை என்று 1991-ல் ஒரு கமிட்டி கண்டது. பட்டத்தைப் பறிக்கத் தேவை இல்லை என்று முடிவு. ஆனால் அந்தக் குறையை எழுதி ஆய்வுரையோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். செத்தவரை நினைப்பது என்றால் பூசி மெழுகுவது அல்ல என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பல்கலைக்கழகத்தின் மார்ஷ் கோவிலுக்கு எதிரே அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 50 புறாக்கள் கூட்டமாக மேலே பறப்பது போன்ற உலோகச் சிற்பம்.

நாகபுரிக்கு வந்த வாலிபர்

கிங்கின் பக்கத்தில் நின்ற ஒருவர் இருக்கிறார். உலகத்துக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால், அகிம்சைப் போராட்டத்தின் மூளை அவர் என்று கிங்கே மதித்தவர். அவர் பெயர் ஜேம்ஸ் லாசன். இவர் அசல் மெதடிஸ்ட் போதகர்.

1928-ல் பிறந்தவர். தந்தையும் போதகர்தான். சிறுவனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை நிறத்தைச் சொல்லித் திட்டினான். லாசன் ஓங்கி ஓர் அறை விட்டார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சியே, அதனாலே என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள். வேறு நல்ல வழி இருக்க வேண்டும் என்றாள். அந்த வழியைத் தேடுவதே அவருக்கு வாழ்க்கை ஆகிவிட்டது.

கொரியப் போர் வந்தது. பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். போதகர் படிப்பைச் சொல்லி விலக்கு வாங்கியிருக்கலாம். "அந்தச் சலுகை வேண்டாம். போரே தப்பு" என்றார். ஜெயிலில் போட்டார்கள். 13 மாதம் உள்ளே இருந்தார்.

விடுதலை ஆனதும் மெதடிஸ்ட் மிஷன் மூலம் 1953-ல் இந்தியாவுக்கு வந்தார். நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை. மூன்று வருஷம் இருந்தார். காந்திஜியோடு வேலை செய்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். அகிம்சையைப் பாடமாகவே படித்தார்.

ஒரு நாள் நாகபுரிப் பத்திரிகையைப் பிரித்தார். மாண்ட்காமரி பஸ் பகிஷ்காரச் செய்தி! துள்ளிக் குதித்தார். தான் இங்கே தேடிக்கொண்டிருந்தது, அங்கே சொந்த ஊரில் ஆரம்பித்துவிட்டதே!

"இப்பவே வாங்க!"

ஊர் திரும்பிய லாசன், 1957 பிப்ரவரியில் ஓபர்லின் கல்லூரியில் கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் 28 வயது. "படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வரலாம் என்று இருக்கிறேன்" என்றார் லாசன்.

"காத்திருக்காதீங்க. இப்பவே வாங்க. உங்களை மாதிரி எங்களுக்கு ஒருத்தரும் இல்லை" என்று கிங் சொல்லிவிட்டார்.

நாஷ்வில் நகருக்குப் போனார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வேதக் கல்வியில் சேர்ந்தார். மாலை நேரங்களில் ஒரு மெதடிஸ்ட் கோவிலில் மாணவர்களுக்கு வேறொரு வகுப்பு நடத்தினார்.

விநோதமான வகுப்பு அது! ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று திட்டுவார்கள். தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள். முகத்தில் சிகரெட் புகை விடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கையை ஓங்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது.

அந்த வகுப்பில் பயிற்சி பெற்றவர்கள்தான் ஜான் லூயிசும், டயான் நாஷும். லூயிஸ் பிற்காலத்தில் பல ஆண்டுகள் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராக இருந்து 2020-ல் மறைந்தார்.

1960 பிப்ரவரி 13-ந் தேதி. நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பு மாணவர்கள் நல்ல உடை உடுத்தி நாஷ்வில் கடைவீதிக்குப் போனார்கள். அந்தப் பெரிய கடைகளில் கறுப்பர்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கலாம். ஆனால், அதே கடையில் உள்ள சாப்பாட்டு மேஜையில் உட்காரக் கூடாது! மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். சாப்பாடு வரவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் படித்தபடி இருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் அடி விழுந்தது. சிகரெட்டால் சுட்டார்கள். அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. ஒரு கும்பலை வேனில் ஏற்றினால் அடுத்த கும்பல் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தது!

காலேஜை விட்டு நீக்கம்

"இதற்கெல்லாம் காரணம் லாசன்தான்" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். மார்ச் 3-ந் தேதி வாண்டர்பில்ட் அவரைக் கல்லூரியை விட்டு நீக்கியது. பட்டம் வாங்கச் சில மாதங்களே பாக்கி. மறுநாள் போலீசார் அவரைக் கோவிலிலேயே கைது செய்தார்கள்.

இந்த நீக்கத்தைக் கண்டித்து வேதக் கல்வித் துறைத் தலைவரும் பேராசிரியர்கள் பலரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள்.

அப்போது கதவைத் திறந்தது பாஸ்டன். அதுவரை படித்த படிப்பைச் சேர்த்துக்கொண்டு, 1960-லேயே அவருக்குப் பட்டம் கொடுத்தது. அன்னா ஆலிவருக்கும் ஷாவுக்கும் போவனுக்கும் பட்டம் கொடுத்த அதே கல்லூரி!

நாஷ்வில்லில் ஏப்ரல் 19-ந் தேதி விடியற்காலை, மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பு வக்கீல் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கான பேர் வாய் திறக்காமல் நகரசபைக்கு நடந்தார்கள். "நிறத்தைப் பார்த்துச் சாப்பாடு மறுப்பது சரியா?" என்று மேயரைப் பார்த்து டயான் நாஷ் கேட்டார். சரியல்ல என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-ந் தேதி அந்தக் கடைகளில் கறுப்பர்களுக்கு முதல் தடவையாகச் சாப்பாடு பரிமாறினார்கள்.

குப்பை லாரியில் இரண்டு சாவு

லாசன் பிறகு மெம்பிஸ் நகரில் சென்டினரி மெதடிஸ்ட் கோவிலின் போதகர் ஆனார்.

1968 பிப்ரவரி 1-ந் தேதி அங்கே ஒரு கொடுமை. மழைக்காக ஒதுங்கிய இரண்டு கறுப்புத் துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பையை நசுக்கும் லாரி எந்திரத்தில் சிக்கி நசுங்கிச் செத்தார்கள். தொழிலாளர்கள் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டையைத் தாங்கி ஊர்வலம் போனார்கள். கூலி உயர்வு கேட்டவர்கள் முதலில் கேட்டது அதைத்தான்.

வேலைநிறுத்த ஆதரவுக் கமிட்டியை முன்நின்று நடத்தியவர் லாசன். அவர் கூப்பிட்டுத்தான் கிங் மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 4-ந் தேதி மாலை, ஓட்டல் மாடியில் நின்றபோது கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 16-ந் தேதி வேலைநிறுத்தம் தொழிலாளர்களுக்கு வெற்றியாக முடிந்தது.

நண்பனைக் கூப்பிட்டதும் தானே. அந்த நண்பன் செத்ததும் தன் ஊரிலேயே. எவ்வளவு பெரிய பாரம்!

கொலையாளிக்குக் கல்யாணம்

அதற்குப் பிறகு நடந்ததுதான் பலரைத் திடுக்கிட வைத்தது.

கிங்கைக் கொன்றதாக ஜேம்ஸ் ஏர்ல் ரே என்பவன் 99 ஆண்டு தண்டனை பெற்று ஜெயிலில் இருந்தான். லாசன் அவனை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தார். 1978-ல் ரே ஒரு பெண்ணை மணந்தபோது, ஜெயிலுக்குள் நடந்த அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த போதகரும் லாசன்தான்!

"அடிச்சியே, அதனாலே என்ன ஆச்சு?" என்று கேட்ட தாயின் பிள்ளை அல்லவா!

1974 முதல் 1999 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோல்மன் மெதடிஸ்ட் கோவிலில் போதகராக இருந்தார். ஓட்டல் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள் என்று கூலிக்காரர்களுக்காகப் போராட்டம் நடந்தால் அங்கே லாசன் இருப்பார்.

விரட்டிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று? 2006-ல் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. பேராசிரியராக வந்து பாடம் நடத்தும்படி அழைத்தது. அவரும் போனார். மாணவனாக எந்த இடத்தை விட்டு வெளியே தள்ளினார்களோ, அந்த இடத்தில் 78-வது வயதில் ஆசிரியராக நின்றார். பிறகு அவர் பெயரிலேயே அகிம்சை ஆராய்ச்சி நிலையமும் அங்கே ஏற்பட்டது.

2024 ஜூன் 9-ந் தேதி ஜேம்ஸ் லாசன் காலமானார். வயது 95.

உயிரோடு இருக்கும்போது...

பாஸ்டனில் படித்து மறைந்தவர்கள் எல்லோரும் இப்படி ஊர் அறிந்தவர்கள் அல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் சின்னச் சின்ன ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் நடத்தி, பிரேத அடக்கம் செய்து, ஒரு நாள் தாங்களும் அடங்கிப் போனவர்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. கோவில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருக்கும்.

பெயர் தெரிந்த இந்தச் சிலரைப் பார்த்தாலும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. செத்த பிறகு இவர்களுக்குப் பாராட்டு தாராளமாகக் கிடைத்தது. உயிரோடு இருக்கும்போது கிடைத்ததோ வேறு. ஆலிவருக்குக் குருப்பட்டம் இல்லை. ஷாவுக்குச் "சபையை விட்டுப் போ". போவனுக்குப் போலீஸ் அடி. ஆக்ஸ்நமுக்கு விசாரணை. கிங்குக்குத் துப்பாக்கிக் குண்டு.

இவர்களில் லாசன் ஒருவர்தான், வெளியே தள்ளியவர்களே வந்து மன்னிப்புக் கேட்பதைத் தன் காதால் கேட்டவர். அதற்கும் அவர் 46 வருஷம் உயிரோடு இருக்க வேண்டியதாயிற்று!